குழிக்குப் பூக்கேட்ட கதை

"சாமிக்கு முன்னால குழியா? பொணத்துக்குத்தான்யா குழி வெட்டுவாங்க!"

"அண்ணே, அது குழி இல்லண்ணே. பெரிய கிண்ணம் மாதிரி. உள்ள வழுவழுன்னு சிமெண்ட்டு பூசிருவோம்ல..."

"கிண்ணமோ குண்டாவோ! மண்ணைத் தோண்டுனா அது குழி!"

கோயில் மண்டபத்துக்குள் நடந்த இந்தச் சண்டை, வெளியே ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்த ஜெயபாரதியின் காதில் தெளிவாக விழுந்தது. வேலாங்காட்டுப்புதூரில் அந்தக் கோயில் இருக்கும் வார்டுக்கு அவள்தான் பஞ்சாயத்து மெம்பர். கூட்டம் இருக்கிறது என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவில் அவள் வீட்டுக்காரர் தீனதயாளனின் செருப்பும் கிடந்தது.

உள்ளே போனாள். கோயில் கமிட்டித் தலைவர் சாமியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"வா அம்மிணி. மெம்பரோட பேசிக்கிட்டிருக்கறோம்."

"மெம்பரு நானுங்க."

"அது தெரியாதா? நான் நெசமான மெம்பரைச் சொன்னேன்."

நெசமான மெம்பர் தீனதயாளன், வாயில் வைத்த போண்டாவை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மனைவியைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் பாதி வீடுகளில் தைக்கிற பனியன்கள், வெளிநாட்டில் சக்கரப் பலகையில் ஸ்கேட்டிங் விடுகிறவர்கள் போடுவது. தைக்கிறவர்கள் யாரும் ஸ்கேட்டிங்கைக் கண்ணால் பார்த்ததில்லை. போன வருஷம் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையர், ஆசையாகக் கொஞ்சம் பலகைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன மறுநாளே ஊர் இளவட்டங்கள் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டுவதற்கு வழவழப்பான இடம் என்று ஊரில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தாராபுரம் மெயின் ரோடு.

அந்த ரோட்டில் பிரைவேட் பஸ்கள் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் நாகஜோதிதான் ஊரிலேயே நன்றாக ஓட்டுகிறவள். தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய்ப் புளியமரத்தில் மோதி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது ஜெயபாரதிதான். அடுத்த தடவை கையோடு போகாது என்று அன்றைக்கே அவளுக்குத் தோன்றிவிட்டது.

நேராகக் கம்பெனிக்குப் போய், பலகை ஓட்டுவதற்கென்றே கிண்ணம் மாதிரி ஒரு சிமெண்ட் குழி வேண்டும் என்று நின்றாள். பையரும் கம்பெனியும் சேர்ந்து சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி தருவது, நிலத்தைப் பஞ்சாயத்து சரிசெய்வது, கோயில் கமிட்டி மைதானத்தில் ஓரமாக இடம் கொடுப்பது என்று பேச்சு. ஒரே நிபந்தனை, தீபாவளி முடிந்து பையர் வரும்போது வேலை ஆரம்பித்திருக்க வேண்டும். இல்லையென்றால் சிமெண்ட் பல்லடம் பக்கம் வேறொரு ஊருக்குப் போய்விடும்.

மெம்பராகி இத்தனை நாளில் அவள் ஒரு தெருவிளக்கு போட வைத்திருந்தாள். அதற்கும் மாலை தீனதயாளன் கழுத்தில்தான் விழுந்தது.

"குழிதானுங்களே பிரச்சனை? மேடாப் போட்டுக்கலாம். மேல இருந்து சறுக்கி வரட்டும்" என்றாள் ஜெயபாரதி.

சாமியப்பன் யோசித்தார். மேட்டுக்கு எதிராகச் சொல்ல அவர் கைவசம் சாங்கியம் எதுவும் இல்லை. "செரி" என்றார்.

மாதிரிக்கு மண்ணைக் கொட்டி ஒரு மேடு போட்டார்கள். மறுநாள் காலையில் சாமியப்பன் வீட்டம்மா போட்ட சத்தம் அவிநாசிபாளையம் வரைக்கும் கேட்டிருக்கும். மேட்டின் மேல் ஏறி நின்றால், அவர்கள் வீட்டுக் கூரையில்லாத குளியல் தடுப்பு அப்படியே தெரிந்தது.

"திருப்பிப் போடுங்க" என்றாள் ஜெயபாரதி. திருப்பிப் போட்டார்கள். இப்போது சறுக்கி வருகிறவர்களின் கால் நேராகச் சந்நிதியைப் பார்த்து வந்தது.

"முருகனை எட்டி ஒதைக்கறாப்பல இருக்குது!" என்று சாமியப்பன் மண்ணைக் கலைக்கச் சொல்லிவிட்டார்.

"மண்ணே வேண்டாம். மொதல்ல தரையில கோடு போட்டு எல்லாரும் பாத்துக்கலாம்" என்றாள் ஜெயபாரதி.

கோடு போட வந்தவர் கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர் முனீஸ். கூட்டத்தில் கிண்ணம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவரும் அவர்தான். வாழ்நாளெல்லாம் பனியனுக்கு அளவு வெட்டியவர். பையர் கொடுத்த அளவை வாங்கிக்கொண்டு, சுண்ணாம்புப் பொடியால் அழகாகக் கோடு இழுத்துக்கொண்டே போனார். கோடு மைதானத்தைத் தாண்டி, தேர் வரும் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் நின்றது.

"என்னய்யா இது, தேருக்கு வழி எங்கய்யா? இவ்வளவு பெருசாவா சொன்னாங்க?" என்றார் சாமியப்பன்.

"சொன்னது சின்னதுதாம்ணே. சுருக்கத்துக்குச் சேத்துப் போட்டிருக்கேன்."

"என்ன சுருக்கம்?"

"தண்ணில நனைஞ்சா சுருங்கும்ல?"

"சிமெண்ட்டை எவன்யா தொவைப்பான்?"

"மழை பெய்யும்லண்ணே!"

முனீஸ் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இருபது வருஷத்தில் அவர் வெட்டிய ஒரு பனியனும் அளவு குறைந்து திரும்பி வந்ததில்லையாம்.

ஆண்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஜெயபாரதி பெண்கள் பக்கம் போனாள். வீடு வீடாக ஏறினாள். "சிமெண்ட்டுத் தரை வந்துதுன்னா வெள்ளாமைக் காலத்துல நம்ம மக்காச்சோளம் காயப்போட்டுக்கலாம். ஸ்கேட்டிங்கு சாயங்காலந்தானுங்க" என்றாள். பெண்களுக்கு இது பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. மறுநாள் விடிவதற்குள் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஆளுக்கொரு கல்லை வைத்து இடம் பிடித்திருந்தார்கள்.

"வெயில் விழுகற பக்கம் எங்களுது!"

"ஏன், உங்கப்பனூட்டுச் சரிவா?"

இல்லாத சரிவுக்கு இரண்டு வீதிக்காரர்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். சாமியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"ஊருக்கு நல்லது பண்றேன்னு வந்து ஊரையே ரெண்டாக்கிப்போட்டயே அம்மிணி. இதெல்லாம் பொம்பளைங்களுக்கு ஆகற காரியமா? விட்டுப்போட்டு ஊட்டுக்குப் போ. தீனதயாளனை வரச்சொல்லு, பேசிக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜெயபாரதி முந்தானையை இழுத்துச் செருகினாள். சுண்ணாம்புக் கோட்டுக்கு நட்டநடுவில் போய் நின்றாள்.

"விடமாட்டேனுங்க! குழி வேண்டாம்னீங்க, மேடுன்னேன். மேடு ஆகாதுன்னீங்க, திருப்பிப் போட்டேன். எறங்கி எறங்கி வந்து இப்ப நிக்க எடமில்லீங்க. இனி மேடும் வேண்டாம், சரிவும் வேண்டாம், சோளமும் வேண்டாம். மொதல்ல சொன்னேன் பாருங்க, குழி! அதே குழிதான் வேணும். இங்கயேதான் வேணும். தீவாளி நோம்பிக்குள்ள ஒருத்தரும் வெட்டலீன்னா நானே கடப்பாறையைத் தூக்கறேன்!"

நாகஜோதி மட்டும் மாவுக்கட்டுக் கையை இன்னொரு கையால் தட்டினாள். "அப்புடிச் சொல்லுங்கக்கா!"

சாமியப்பன் கோபப்படவில்லை. சிரித்தார்.

"நீ ஒண்ணு சொல்ற, நான் ஒண்ணு சொல்றேன். எதுக்கு வம்பு? சாமிகிட்டயே கேட்டுப்போடலாம். வெள்ளிக்கெழமை பூக்கேப்போம்."

அதற்கு மேல் யாரும் பேச முடியாது. கிணறு வெட்டுவதானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் அந்த ஊரில் பூக்கேட்டுத்தான் செய்வார்கள். ஒரு பொட்டணத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் மடித்து முருகன் காலடியில் போடுவார்கள். யாராவது ஒருத்தர் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் அதோடு சரி. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்ப்பது சாமியையே சந்தேகப்படுவது மாதிரி.

வீட்டில் தீனதயாளன் மெதுவாக ஆரம்பித்தார். "பாரதி, செவப்பு வந்துட்டா என்ன பண்ணுவே?"

"வந்தா வருது."

"வந்தா விட்டுப்போடோணும். சாமி குத்தமாயிரும்."

"எதுக்குங்க விடோணும்? சென்னிமலைல ஒரு முருகன், சிவன்மலைல ஒரு முருகன், பழனில ஒரு முருகன். எத்தனை பேரு இருக்கறாங்க! ஒருத்தராச்சும் வெள்ளை குடுக்காமயா போயிருவாங்க?"

தீனதயாளன் போய்ப் பனியன் தைக்க உட்கார்ந்தார். பவர் டேபிளை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை. மண்டபம் நிறைந்து வழிந்தது. கோயிலுக்குப் பூக்கட்டும் கருப்பாத்தாள் இரண்டு பொட்டணங்களையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பூசாரி வாங்கி முருகன் காலடியில் போட்டுத் தீபம் காட்டினார்.

"எடுக்கறது எங்க ஆளா இருக்கோணும்" என்றாள் ஜெயபாரதி.

சண்டை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சாமியப்பனோ பெருந்தன்மையாக நாகஜோதியைக் கைகாட்டினார்.

"அதுக்கென்ன? யாரு எடுத்தா என்ன? இந்தப் புள்ளைக்கு வேண்டித்தானே கேக்கறோம், இதே எடுக்கட்டும். போ சாமி, எதை வேணும்னாலும் எடு. நல்லா யோசிச்சே எடு."

என்ன நியாயமான மனுஷன் என்று கூட்டத்தில் முணுமுணுத்துக்கொண்டார்கள். ஜெயபாரதிக்கே ஒரு நிமிஷம் வெட்கமாகப் போய்விட்டது.

நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

நாகஜோதி கத்திய கத்தலில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. ஜெயபாரதி அழுதுவிட்டாள். ஆனால் அன்றைக்கு எல்லோரும் பார்த்தது சாமியப்பனைத்தான்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "வெள்ளைங்களா? நல்லாப் பாருங்க, வெள்ளையேதானுங்களா?" என்று கேட்டார். பூசாரி பூவை அவர் உள்ளங்கையில் வைத்தார். முருகனைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், மறுபடி முருகனைப் பார்த்தார்.

"என்ற சாமி! நீ நெசமாலுமே இருக்கறயா?"

சொல்லிவிட்டு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுப்போடு முருகா, தெரியாமப் பண்ணிப்போட்டேன்" என்று அழுதார். எழுப்ப நாலு பேர் தேவைப்பட்டது.

தோற்றுப்போனதற்கு ஒரு மனுஷன் இப்படியா கலங்குவார் என்று ஊரே அதிசயப்பட்டது.

அடுத்த நாள் விடிகாலையில் மைதானத்தில் ஜேசிபி நின்றது. கொண்டுவந்தவர் சாமியப்பன். குழி ஆழம் பத்தாது என்று டிரைவரோடு சண்டை போட்டவரும் அவரே. தேருக்கு வழி கேட்டவர்களை, "தேரு சுத்திக்கிட்டுப் போகும்! சாமியே குழி வேணும்னுட்டாரு, உனக்கென்னடா?" என்று விரட்டினார். வீட்டுக் குளியல் தடுப்புக்குத் தகரம் அடித்தார். முனீஸின் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்து, "சுருக்கத்துக்கு இன்னுஞ் சித்தச் சேத்தியே போடுங்க மாஸ்டரு, சாமி காரியம்" என்றார். பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பையர் வந்தபோது குழிக்குச் சிமெண்ட் பூசி முடித்திருந்தது. மணிக்கட்டுக் கட்டுப் பிரித்த நாகஜோதி, அந்தப் பக்கம் இறங்கி இந்தப் பக்கம் ஏறி, உச்சியில் பலகையோடு ஒரு திரும்பு திரும்பினாள். கூட்டத்துக்கு மூச்சு நின்று வந்தது. ஒவ்வொரு பலகைக்கும் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த சாமியப்பன் திரும்பிக் கத்தினார்.

"மெம்பருக்கு மாலையைக் கொண்டாங்கய்யா!"

மாலை வந்தது. யாரோ பழக்கதோஷத்தில் தீனதயாளனைப் பார்த்துப் போனார்கள். சாமியப்பன் அவர்கள் கையைப் பிடித்து இழுத்து, "மெம்பரு அங்க நிக்குதுடா!" என்று ஜெயபாரதியைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் ஜெயபாரதி மாலைக்குக் காசு கொடுக்கக் கருப்பாத்தாள் வீட்டுக்குப் போனாள். வாசலில் சிவப்பு அரளி இலையே தெரியாமல் பூத்துக் கிடந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து கருப்பாத்தாள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க அக்கா. எதுத்துக்கிட்டே இருந்த மனுசன், ஒரு வெள்ளைப் பூவைப் பாத்து எதுக்கு இந்த அழுகை அழுகோணும்? ரெண்டுல ஒண்ணு வெள்ளைதானுங்களே?"

கருப்பாத்தாள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ரெண்டுலயும் செவப்பே வெக்கச் சொன்னாருங்க கண்ணு. அன்னைக்குன்னு பாத்து எனக்குச் செவப்புத் தீந்துபோச்சு."

ஜெயபாரதி இதை இன்னும் சாமியப்பனிடம் சொல்லவில்லை. அவர் தினமும் காலையில் குழியைக் கூட்டிப் பெருக்கிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிடுவதா, இப்படியே விட்டுவிடுவதா? கதையைப் படித்தவர்கள் சும்மா போய்விடாமல் ஆளுக்கொரு பதில் போடுங்க.