ஹெட்டாவின் தலைமாட்டுப் பூ

மனைவி ஹெட்டாவின் கல்லறைக் கல்லில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: 'பராமரிப்பு இல்லை. மூன்று வாரத்தில் சீர் செய்யாவிட்டால், சமப்படுத்திப் புல் போடப்படும்.'

கல்லூரியில் உயிரியல் நடத்தும் ஃபோல்க்மாருக்கு ரத்தம் கொதித்தது. பராமரிப்பு இல்லையாமே! போன வருடம் இங்கே தேனீ ஆர்க்கிட் என்ற அபூர்வப் பூ தலைகாட்டியதிலிருந்து தினமும் வருகிறார். அதற்குத் துணையாகப் பதினேழு வகைக் காட்டுப்பூக்களை மண்டியிட்டு விதைத்தவர் அவர்.

"யாருடைய வேலை இது?"

சீட்டை ஒட்டிய கல்லறைத் தோட்டக்காரர் ஊவே பக்கவாட்டில் கண்ணைக் காட்டினார்.

"நான்தான் புகார் கொடுத்தேன்," என்றாள் பக்கத்துக் கல்லறையில் பிகோனியாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கெர்லிண்ட். "உங்க களையெல்லாம் என் வீட்டுக்காரர் மேல முளைக்குது. உயிரோட இருந்தப்ப அவர் தாடிகூட வளரவிட்டதில்ல, புரொபசர்!"

"களையா? நாற்பது வருஷமா இந்தப் பக்கம் யாரும் பார்க்காத பூம்மா! தானா முளைச்சிருக்கு!"

ஹெட்டா ஆஸ்பத்திரியில் கிடந்த கோடையில்கூட அந்தப் பூவைத் தேடித்தான் மலையடிவாரமெல்லாம் அலைந்துகொண்டிருந்தார். வேலை அப்படி.

செடிக்குச் செடி பெயர்ப்பலகை நட்டார். பலகைக்கு அனுமதி இல்லையென்று இரண்டாவது சீட்டு வந்தது. பூவின் அருமைக்குச் சாட்சி சொல்ல நாற்பது மாணவர்களைக் கூட்டிவந்தார். அவர்கள் கெர்லிண்டின் கணவர் மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். பிகோனியா கூழாகிவிட்டது.

"நாளைக்குக் களைக்கொல்லியோட வர்றேன். பாத்துடலாம்!" என்றாள் கெர்லிண்ட்.

ஃபோல்க்மார் பதறிப்போய் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குப் போன் செய்தார். என்றைக்கும் இல்லாத அதிசயமாக மறுநாள் காலையிலேயே வந்து ஹெட்டாவின் கல்லறையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள்.

"யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. தோண்டவே கூடாது," என்றார் அதிகாரி.

"நான்கூடவா?"

"நீங்களும்தான்."

"ஐயா, அவ பக்கத்து இடம் எனக்குன்னு வாங்கி வச்சது. நான் செத்தா?"

"வேற இடம் பாத்துக்குங்க."

அதிகாரி போய்விட்டார். ஃபோல்க்மார் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார். "செத்தும் அவகூட இருக்க முடியாதா, ஊவே? எல்லாம் தானா முளைச்ச ஒரு பூவால!"

ஊவே தொப்பியைக் கழற்றினார்.

"அது தானா முளைக்கல, சார். உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில இருந்து என்னைக் கூப்பிட்டு, கடையில வாங்கின தொட்டியோட கொடுத்தாங்க. 'இதை என் தலைமாட்டுல நட்டுடுப்பா, இல்லேன்னா அந்த மனுஷன் என்னைப் பார்க்க வரமாட்டார்'னாங்க."