காற்றுக்குக் கடிவாளம்

மூன்று நாளாக அந்த நூற்பாலையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பாளையம்பட்டியிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் அறுந்ததை ஒட்டி ஒட்டிச் சலித்துப்போனார்கள்.

காரணம் ஒரு பெட்டி. "காத்துல ஈரம் கொறஞ்சா நூலு அறுந்துரும்ல, அப்ப இது தண்ணியப் பீச்சும், கூடுனா தண்ணிய நிறுத்தி ஃபேனைப் போடும். எல்லாம் தானா நடக்கும் சார்" என்று சொல்லி அதை வாங்க வைத்தவன் இஞ்சினியர் சுந்தரபாண்டி. இப்போது பெட்டி ஈரம் எண்பது சதவீதம் என்றது, அரை மணியில் முப்பது என்றது. ஃபேன் அலறி ஓய்ந்தால் தண்ணீர் கொட்டியது.

"நாளைக்குள்ள இது அடங்கணும். இல்லன்னா பெட்டியோட நீயும் கெளம்பிரு" என்றார் மேனேஜர் தாவீதுராஜ்.

சுந்தரபாண்டிக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மில்லு இஞ்சினியர் என்று பத்திரிகையே அடித்தாகிவிட்டது.

பெட்டி மந்தமாக இருக்கிறது என்று முடிவு கட்டி, அதன் சுறுசுறுப்பைக் கூட்டினான். ஃபேனும் தண்ணீரும் இன்னும் வேகமாக மல்லுக்கட்டின. பெட்டி தொங்கிய தூண் சரியில்லை என்று அடுத்த தூணுக்கு மாற்றினான். ஆட்டம் அங்கேயும் வந்துவிட்டது.

"எடம் பாத்துத்தான் மாட்டுனியாப்பா?" என்று கேட்டார் தாவீதுராஜ்.

"கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு மாட்டுனேன் சார்."

கடைசியில் ஏணி வைத்து, கூரையை ஒட்டி மாட்டினான். ஒரு மணி நேரம் பெட்டி சாதுவாக இருந்தது. நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்தான். அதற்குள் தொண்ணூற்றைந்து காட்டியது. பாதி மெஷினில் நூல் அறுந்து கிடந்தது.

மறுநாள் தாவீதுராஜ் மெஷின் பக்கமே வந்து நின்றார். சுந்தரபாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"சார், இதுக்குப் பேரு கேயாஸ். காத்தோட கொணமே அப்படித்தான். துளி மாத்தம் போதும், எங்கயோ கொண்டுபோய் விட்டுரும். பெரிய பெரிய விஞ்ஞானிகளே தெணறுறாக. இன்னும் நாலு பெட்டி வாங்கி, ஒண்ணோட ஒண்ணு பேச விட்டா மடக்கிரலாம்."

புரியாத விஷயத்தின் மேல் தாவீதுராஜுக்கு எப்போதுமே மரியாதை உண்டு.

"விஞ்ஞானிகளே தெணறுறாகளா? நான்கூட ஒம்மேலதான் தப்புன்னு நெனச்சிட்டேன்ப்பா. நாலையும் வாங்கிரு."

சுந்தரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை பிழைத்தது, கல்யாணமும் பிழைத்தது.

பக்கத்து மெஷினில் நூலை ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் நிமிர்ந்தாள்.

"தம்பி, புதுப் பெட்டியவாச்சும் கைக்கு எட்டுற மாதிரி மாட்டுங்க. இந்தப் புழுக்கத்துல ஃபேனு ஓடணும்னா அதுமேல ஈரத்துண்டப் போடணும்ல, ஏணியில ஏறி ஏறி எங்களுக்கு முழங்காலு வீங்கிப்போச்சு!"