காற்புள்ளியும் மூன்று மாத்திரைகளும்

"வெள்ளிக்கிழமை மேடையில நின்னு ஆண்டறிக்கை படிக்கணும் டாக்டர். இருநூறு பேரு என்னையே பார்ப்பாங்க! நினைச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஒரு வாரமா சரியான தூக்கம் இல்ல."

இப்படிப் புலம்பியவருக்கு அச்சகத்தில் காற்புள்ளி என்று பெயர். கையெழுத்துப் பிரதியை அவர் உரக்க வாசிக்க, எதிரில் இருப்பவர் அச்சுப்படியோடு ஒப்பிட்டுத் திருத்துவார். புள்ளி, கோடு எதையும் விடாமல் இவர் வாய்விட்டுச் சொல்வார். அறைக்குள் அவர் புலிதான். மேடை என்றால் கால் பின்னிக்கொள்ளும். அறிக்கையை ஒழுங்காக வாசித்தால் தலைமைத் திருத்துநர் பதவி என்று முதலாளி வேறு சொல்லிவிட்டார்.

டாக்டர் சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டே ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"எப்பவாவது தூக்கம் வரலைன்னா இது. ரெண்டு மூணு நாளைக்குத்தான், அதுக்கு மேல கூடாது."

காற்புள்ளி உள்ளிருந்த தாளை விரித்தார். அச்சடித்த எதையும் மனதுக்குள் வாசிக்கும் பழக்கம் பாவம் அவருக்கு இல்லை.

"மறுநாள் காலையிலும் மந்தம் நீடிக்கலாம், காற்புள்ளி, வாகனம் ஓட்ட வேண்டாம், முற்றுப்புள்ளி. ஐயையோ, மேடையிலேயே நான் தூங்கி விழுந்துட்டா?"

"சரி, இதைப் பாருங்க. படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும்."

"நடுங்குறது கைதான்னு இந்த மாத்திரைக்கு எப்படி டாக்டர் தெரியும்?"

"தெரியாது. நெஞ்சு வேகமா அடிக்கிறதைக் குறைக்கும். கை தானா அடங்கும்."

"அடேயப்பா!" அடுத்த தாளும் விரிந்தது. "ஆஸ்துமா உள்ளவர்கள், காற்புள்ளி, தவிர்க்கவும், முற்றுப்புள்ளி. எனக்கு வீசிங் உண்டே!"

டாக்டர் பெருமூச்சு விட்டு மூன்றாவது பெட்டியை நகர்த்தினார். "இது பயத்தை அடக்கும். ஆனா பழக்கமாயிடும். ரொம்ப யோசிச்சுத்தான் குடுப்போம்."

அந்தத் தாள் பெரியது. இரண்டு பக்கமும் பொடி எழுத்து. எத்தனை வகை, எது எத்தனை மணி நேரம் நிற்கும், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று படிக்கப் படிக்கக் காற்புள்ளிக்கு ஆர்வம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமையே மறந்துபோயிற்று. திறந்திருந்த கதவுக்கு வெளியே, யார் முதலில் வந்தது என்று நோயாளிகளுக்குள் நடந்துகொண்டிருந்த சண்டையும் ஓய்ந்தது.

"அடைப்புக்குறி, பக்க விளைவுகள், அடைப்புக்குறி முடிவு..."

நிமிர்ந்தார். டாக்டரின் தாடை நெஞ்சில் சாய்ந்திருந்தது. மெல்லிய குறட்டை வேறு.

நர்ஸ் ஓசைப்படாமல் உள்ளே வந்தாள். "எழுப்பிடாதீங்க சார். நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து, இவரு நல்லாத் தூங்கிப் பத்து நாளாச்சு."

"அப்ப என் கதி? வெள்ளிக்கிழமை எல்லாரும் என்னையே பார்ப்பாங்களேம்மா!"

அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து காட்டினாள். வெளியே பன்னிரண்டு நாற்காலிகளிலும் ஆள் இருந்தது. பன்னிரண்டு தலையும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க படிக்க ஆரம்பிச்சப்புறம் உங்களைப் பார்க்கிறதுக்கு யாரு சார் முழிச்சிட்டு இருக்கப் போறாங்க?"