குதிரை கேட்ட ஜாஸ்

கண்ணை மூடிக்கொண்டு ட்ரம்பெட் வாசிக்கிறவன் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இதை நான் நடந்து கற்றுக்கொண்டேன், பிள்ளைகளே.

அப்போது உங்கள் அப்பாவான எனக்குக் கல்யாண பேண்டில் வேலை. மனசுக்குள் மட்டும் ஜாஸ் கலைஞன். (ஜாஸ் என்றால், தெருவோடு போகிற பாட்டு ஒரு சந்துக்குள் நுழைந்து சுற்றிவிட்டு வருவது. திரும்பி வருவதுதான் கஷ்டம்.)

அன்றைக்குப் பெசன்ட் நகரில் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையின் அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். "நல்லா வாசிப்பா. பிடிச்சிருந்தா எங்க ஸ்கூல்ல மியூசிக் வாத்தியார் வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். மாதச் சம்பளம் இருந்தால்தான் பெண் தருவோம் என்று உங்கள் அம்மா வீட்டில் சொல்லிவிட்டிருந்த நேரம் அது.

பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். நான் முன்னால், பின்னால் வெள்ளைக் குதிரையில் மாப்பிள்ளை. மாலை வெயில் இமைக்குள் ஆரஞ்சாகக் கரைந்தது. உப்புக் காற்று என் வாசிப்பை வாங்கிக்கொண்டு போய், கொஞ்சம் தள்ளி நின்று, என்னைவிட நன்றாக வாசித்தது. டிரம்ஸ் சத்தம் மெல்லத் தேய்ந்தது. எனக்கு வழிவிடுகிறார்கள், எவ்வளவு பண்பான பசங்க என்று நெகிழ்ந்தேன். (பின்னால் தெருமுனையிலேயே எல்லோரும் நின்று ஆடிக்கொண்டிருந்தார்களாம். கயிற்றை விட்டுவிட்டுக் குதிரைக்காரரும்.) பிறகு காலடியில் ரோடு பஞ்சாக மாறியது. மேகத்தில்தான் நடக்கிறேன் என்று நினைத்தேன்.

அது மணல். கண்ணைத் திறந்தால் கடல்.

பின்னால் குதிரை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே தம்பி?"

"கத்திக்கினேதாண்ணே வந்தேன்! நீங்க எங்க கேட்டீங்க?"

சுண்டல் விற்ற அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, கல்யாணம் கடலுக்குள்ளயா?"

கயிற்றை இழுத்தேன். குதிரை அசையவில்லை. ஊர்வலக் குதிரை, ட்ரம்பெட் கேட்டால்தான் நடக்கும். ஊதினால் நடந்தது, நிறுத்தினால் நின்றது. தெரிந்த பாட்டெல்லாம் பாதி வழியில் தீர்ந்துபோச்சு. உதடு இட்லி மாதிரி வீங்கிவிட்டது. கடைசித் தெருவில் ஆரம்பப் பாடம்தான் மிச்சம்: ஏறுகிற எட்டு சுரம், இறங்குகிற எட்டு சுரம். குதிரை சுரத்துக்கு ஓர் அடி வைத்து நடந்தது.

மண்டப வாசலில் தலைமையாசிரியர். வேலையும் போச்சு, உங்கள் அம்மாவும் போச்சு என்று நின்றேன். அவர் குதிரையைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார்.

"கயித்தைப் பிடிக்காமயா கூட்டியாந்தே?"

தலையாட்டினேன். (பேச உதடு இல்லை.)

"எங்க ஆறாங்கிளாஸ் பி செக்‌ஷன் இதைவிட மோசம். திங்கக்கிழமை வந்துடு. வரும்போது கண்ணைத் திறந்துகிட்டு வா."

காலையில் நீங்கள் பள்ளிக்கூடம் கிளம்பாமல் சண்டித்தனம் பண்ணும்போதெல்லாம், "என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? எடுத்து ஊதுங்க, அப்பதான் இதுங்க நடக்கும்" என்று உங்கள் அம்மா என்னிடம் சொல்கிறாளே, ஏன் என்று இப்போது தெரிகிறதா?