குழிக்குள் குந்தியவன்

பதுங்குகுழிக்குள் மறுபடியும் யாரோ வெளிக்குப் போயிருந்தார்கள். டிராயிங் மாஸ்டர் இக்னேஷியஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, தான் வரைந்த பலகையை முறைத்தார்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சாந்தோம் மைதானத்தில் வெட்டிய குழி அது. நாலு பாஷையில் எழுதப் பலகையில் இடமில்லை. எல்லோருக்கும் புரிகிற படமாகப் போடு என்று வெள்ளைக்கார அதிகாரி சொல்லிவிட்டார். குண்டுவீச்சு ஒத்திகையன்று ஜனங்கள் ஒழுங்காகக் குழிக்குள் இறங்கிவிட்டால் பள்ளிக்கூடத்துக்குச் சிபாரிசுக் கடிதம். ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாயிருந்த வேலை நிரந்தரமாகிவிடும்.

குழிக்குள் காதைப் பொத்திக் குந்தியிருக்கும் ஒருவனை வரைந்தார். தமிழ், தெலுங்கு, உருது என்று எந்தப் பாஷைக்காரருக்கும் படம் ஒரே அர்த்தத்தைத்தான் சொன்னது.

"காதைப் பொத்தியிருக்கானே, அதுகூடவா தெரியல?" என்று மீன்காரி தேவானையைக் கேட்டார்.

"முக்கிக்கினு கீறான்னு நெனச்சோம் வாத்தியாரே."

மனைவி லூயிசா, பக்கத்தில் ஒரு பெண்ணையும் போட்டால் குடும்பம் பதுங்கியிருப்பது விளங்கும் என்றாள். போட்டார். மறுநாள் விடியற்காலையிலிருந்து பெண்களும் செம்போடு வர ஆரம்பித்தார்கள்.

மேலே ஒரு விமானம் வரைந்தார். விமானம் என்றால் சர்க்கார். ஆக, இது சர்க்கார் கக்கூஸ் என்று ஊர்ஜிதமாகி, மந்தைவெளியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

"இனிமே எதுவும் வரையாதீங்க, ஊர் தாங்காது" என்றாள் லூயிசா.

ஒத்திகை நாள். அதிகாரி தூரத்தில் கார் அருகே கடிகாரத்தோடு நின்றார். அசல் யுத்தம் போலிருக்கட்டும் என்று மைதானம் முழுக்கப் புகை போடச் சொன்னார். சங்கு ஊதியது. புகையில் இக்னேஷியஸுக்குத் தன் கையே தெரியவில்லை. வேலை போயிற்று என்று அப்படியே நின்றுவிட்டார்.

புகை கலைந்தது. மீன்காரிகள், தெலுங்கு வண்டிக்காரர்கள், உருது பேசும் தையல்காரர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் குழிக்குள் இருந்தார்கள்.

இரண்டே நிமிஷம். பட்டணத்தில் வேறெங்கும் இப்படி நடக்கவில்லை என்று அதிகாரி கை குலுக்கினார். கடிதம் நாளைக்கே வரும். அடுத்த ஒத்திகைக்குள் இதே படத்தை இன்னும் நாற்பது குழிகளில் மாட்ட வேண்டும், பொறுப்பு இக்னேஷியஸுக்கு.

கார் போனதும் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குழாயடிக்கு வந்தார். தேவானை கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா தேவானை? படம் பேசுது. நாற்பது இடத்துல மாட்டப் போறேன்."

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "அந்தப் பொகையில படம் எவனுக்குத் தெரிஞ்சுது? வாசத்த புடிச்சிக்கினு வந்து எறங்குனோம். படத்த நீ மாட்டிடுவே வாத்தியாரே, நாப்பது எடத்துல வாசத்துக்கு இன்னா பண்ணுவே?"