எறும்பு ஒதுக்கிய குப்பையும் உங்கள் எலுமிச்சை மரங்களும்

மதிப்பிற்குரிய எவாரிஸ்தோ மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் நின்ஃபா பணிவுடன் எழுதுவது. அம்மா நலம், அவருடைய முழங்கால் வானொலியைவிடச் சரியாக மழையைச் சொல்கிறது. கோழிகளும் நலம். புகராமாங்கா நகரத்தில் நீங்களும் அத்தையும், முக்கியமாக உங்கள் வயிறும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். எலுமிச்சை மரங்களின் நலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது குச்சி குச்சியாக நின்ற மரங்களைப் பார்த்து, “இது தோட்டமா, விறகுக்கடையா?” என்று கேட்டீர்கள். மழைக்காலம் முடியும்போது மரத்தில் இலை இருந்தால் நிலத்தை என் பெயருக்கு எழுதித் தருவதாகவும், இல்லாவிட்டால் ஆட்டுப்பண்ணைக்காரருக்கு விற்றுவிடுவதாகவும் சொன்னீர்கள். அன்று முதல் நான் ஆடுகளைக் கனவில் பார்க்கிறேன். எல்லா ஆட்டுக்கும் உங்கள் மீசை இருக்கிறது.

மரங்களை மொட்டையடிக்கும் எறும்புகளின் வேலியோரப் புற்றில் விஷம் வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தேன், ஏனென்றால் அதற்குக் கீழேதான் நாங்கள் குடிக்கும் ஊற்று இருக்கிறது. இலைவெட்டி எறும்பு இலையைத் தின்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மண்ணுக்கடியில் இலையை மென்று பதப்படுத்தி, அதில் பூஞ்சை பயிரிட்டு, அதைத்தான் அறுவடை செய்து சாப்பிடுகிறது. அந்தப் பயிரை அழிக்கிற இன்னொரு பூஞ்சையை அரிசியில் வளர்த்துக் கூட்டுறவுக் கடையில் விற்கிறார்கள். வாங்கி வந்து, குளிர்ச்சியாக வைக்கச் சொன்னார்களே என்று குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன், அம்மா அதைத் திறந்தார்.

“நின்ஃபா, இதென்ன அரிசி பச்சையாப் பூத்திருக்கு? யாராச்சும் பார்த்தா நம்மளை என்ன நினைப்பாங்க?”

“அது மருந்தும்மா, எறும்புக்கு.”

“ஏன், எறும்புக்கு உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. சரியில்லாம ஆக்கறதுக்குத்தான்.”

“அப்ப அதை மருந்துன்னு சொல்லாதீங்க.”

நான் முகம் கழுவித் திரும்புவதற்குள் அந்த அரிசியைக் கோழிகள் தின்று முடித்திருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா மட்டும் சில நாள் அவற்றின் முட்டையைச் சந்தேகத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இரண்டாவது பாக்கெட்டை நேரே புற்றுக்குக் கொண்டுபோனேன். ஆளுக்கொரு அரிசியாகத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எறும்புகள் உள்ளே போன அழகைப் பார்த்து எனக்கே குற்றவுணர்ச்சி வந்துவிட்டது. மறுநாள் காலையில் அதே அரிசி அதே வரிசையில் வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ நுகர்ந்து பார்த்திருக்கிறார்கள். அரிசியோடு, அது தொட்டுக் கெட்டுப்போன தோட்டத் துண்டுகளையும் வெட்டியெடுத்துச் சரிவில் ஒரு மேடாகக் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல என் மரத்துக்கு வேலைக்குப் போனார்கள். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் குடையைப் பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாடு வரை அங்கேயே நின்றிருந்தேன். அடுத்ததாக, மஞ்சள் பூப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தியின் தழையை வெட்டிப் புற்றின்மேல் கனமாகப் பரப்பினேன், அது உள்ளே போனாலும் அவர்கள் பயிர் கெடும் என்று படித்திருந்தேன். கொஞ்ச நாள் அமைதியாக இருந்துவிட்டு, அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து நிலத்துக் கிராசிலியானோ அண்ணன் பக்கம் புதிதாக ஒரு வாசல் திறந்தார்கள். அந்த வாசல் வழியாக எறும்புக்கு முன்னால் கிராசிலியானோ அண்ணனே வந்தார்.

நம் ஊரில் எவ்வளவு கோபம் வந்தாலும் யாரும் யாரையும் ஒருமையில் பேசுவதில்லை என்பதை நகரத்தில் மறந்திருப்பீர்கள்.

“நின்ஃபா, நீங்க படிச்ச பொண்ணு. உங்களைக் கழுதைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதனால கோவேறு கழுதைன்னு சொல்றேங்க.”

“சொல்லுங்கண்ணே. வேலிக்கு அந்தப் பக்கமே நின்னு சொல்லுங்க.”

“ராணி எறும்பு பறக்கிற மாசத்துல, நாம பிடிச்சு வறுத்துத் தின்கிற நேரத்துல, யாராச்சும் புத்துக்கு நோயைக் கொடுப்பாங்களா? கிறிஸ்துமஸுக்கு மொத நாள் பன்னிக்குப் பேதி மருந்து வைப்பீங்களா? வருஷம் பூரா இந்தப் புத்தை நான் கண்ணு மாதிரி பார்த்துக்கறேங்க!”

“உங்க பன்னி என் மரத்தைத் தின்னு கொழுக்குதுண்ணே.”

“மரம் திரும்பத் தழைக்குங்க.”

“மாமா வித்துட்டா நிலம் திரும்பி வருமா? அப்புறம் இங்க ஆடுதான் மேயும். ஆடு மிதிச்சா உங்க புத்துல என்ன மிஞ்சும்?”

இதை அவர் யோசித்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, “உங்க மாமா அவ்வளவு மோசமானவரா?” என்று கேட்டார். என் ஆட்டுக் கனவை அவருக்குச் சொன்னேன், மாமா.

ராணிகள் பறந்து முடியும்வரை நான் புற்றைத் தொடுவதில்லை. ஒரு ராணியும் தப்பிப் புதுப் புற்று வைக்காமல் பிடிப்பது அவர் பொறுப்பு. இப்படி ஒப்பந்தம் ஆயிற்று. அது சரி, அதுவரை இலைகளைக் காப்பாற்றுவது யார்?

அதற்கு வழி சொன்னவர்கள் எறும்புகளேதான். கெட்ட அரிசியைக் கொட்டிய அந்த மேட்டைப் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலை சுமக்கும் வரிசை அதன் அருகே வந்ததும் வளைந்து, தேவையில்லாமல் பெரிய சுற்றுச் சுற்றிப் போயிற்று. சொந்தக் குப்பையின்மேல் அவர்களுக்கு அவ்வளவு பயம். அதில் நோய் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். குப்பை சுமக்கிறவர்கள் தோட்டத்துக்குள் திரும்பி வந்தால் மற்றவர்கள் கடித்து விரட்டுவார்களாம். அவர்களிடம் என்னால் மெச்ச முடியாதது அந்த ஒன்றுதான், அதை மனிதரிடமும் பார்த்திருக்கிறேன்.

மண்வெட்டி எடுத்து வந்து அந்தக் குப்பையை ஒவ்வொரு மரத்தடியிலும் வளையமாகப் போட்டேன். மாலையில் வரிசை வந்தது. முதல் எறும்பு வளையத்தின் விளிம்பில் நின்று, மீசையை ஆட்டி நுகர்ந்து, பின்னால் வந்தவளிடம் ஏதோ சொல்லிற்று. வரிசை மொத்தமும் திரும்பிப் போயிற்று. வேலிமேல் சாய்ந்திருந்த கிராசிலியானோ அண்ணன், “சுத்தக்காரிங்க! எங்க வீட்டுல என் சட்டையைப் பார்த்தா இப்படித்தான் ஒதுங்குவாங்க” என்றார். பெருமழை கரைத்தபோதெல்லாம் புதுக்குப்பை போட்டு வந்தேன். மரங்கள் துளிர்த்தன, மாமா. இப்போது அடியில் நின்றால் வெயில் படுவதில்லை.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த நாளில் ராணிகள் பறந்தார்கள். பள்ளிக்கூடம் தானாக மூடியது. கிராசிலியானோ அண்ணன் ரப்பர் பூட்ஸுக்குள் நுழைந்த காவல் எறும்புகளோடு ஆடிக்கொண்டே, கொழுத்த பின்புறமுள்ள ராணிகளாகப் பார்த்துப் பானையில் போட்டார். அம்மா முழங்காலை மறந்து ஓடினார். இறகும் காலும் கிள்ளி, உப்பு நீரில் ஊறவைத்து வறுத்தோம். பூஞ்சையால் ஆகாததை உப்பும் வாணலியும் ஒரு பிற்பகலில் செய்துவிட்டன. உங்கள் பங்கு தனியாக வருகிறது. பேருந்திலேயே தின்று தீர்க்கும் உறவினர்களிடம் கொடுத்தனுப்பவில்லை.

ஆகவே, இலை இருக்கிறது, எறும்பு ஒதுங்கிவிட்டது, புதுப் புற்று வைக்க ஒரு ராணியும் மிச்சமில்லை. சீக்கிரம் வந்து பார்த்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். அம்மா தன் அன்பையும், முழங்காலின்படி வியாழனன்று மழை என்பதையும் தெரிவிக்கச் சொல்கிறார். தூரத்திலிருந்தே என் தலையில் கைவைத்து ஆசீர்வதியுங்கள்.

என்றும் கீழ்ப்படிதலுள்ள
நின்ஃபா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வெயில் வந்தது, பருவத்தின் கடைசிக் கூட்டம் பறந்தது. உங்கள் பெரிய மரத்தடியில், குப்பை வளையத்துக்கு உள்ளே, ஒரு ராணி இறங்கினாள். வளையம் தரையில்தானே இருக்கிறது. வானத்துக்கு நான் ஏற்பாடு செய்யவில்லை. இறகைத் தானே உதிர்த்துப் போட்டுவிட்டு மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள். தாய்த் தோட்டத்திலிருந்து வாய்க்குள் ஒரு துளிப் பூஞ்சை மட்டும் கொண்டுவந்திருப்பாள், அதை வைத்துத்தான் அவள் நாடு முழுவதையும் தொடங்க வேண்டும். என் கையில் மண்வெட்டி இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து, “அங்க ஏதாச்சும் விழுந்துச்சாங்க? வாணலி சூடா இருக்கு” என்று கிராசிலியானோ அண்ணன் கேட்டார். நான் குழியை மறைத்துப் பாவாடையை விரித்து நின்றுகொண்டு, “ஒண்ணும் இல்லைங்கண்ணே” என்றேன். அவள் குடும்பம் பெருகி மரத்தை மொட்டையடிக்கக் குறைந்தது மூன்று வருஷம் ஆகும். தயவுசெய்து அதற்குள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.