தேய்ந்த பதக்கமும் மூத்த மைத்துனரின் திருவாயும்

மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அதாவது, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கும் வரை நலமாகத்தான் இருந்தோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முழுதாகக் குறைந்திருக்காது என்று நம்புகிறேன்.

என் அப்பா, பாலத்திலிருந்து வெள்ளத்தில் குதித்து ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றியவர். இது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். உயிரோடு இருந்தவரை, காப்பாற்றியது யாரை என்று கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும், அவ்வளவு தன்னடக்கம். அதற்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கத்தைத்தான் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடாத குறையாகக் காப்பாற்றி வருகிறேன். தெருப் படிப்பகத்துக்கு அப்பா பெயரை வைத்து, பதக்கத்தைச் சுவரில் மாட்டி, கீழே ‘உயிர் காத்த வீரர் பெற்றது’ என்று பலகை வைப்பதாகப் பேச்சு. அதைப் பேசி முடிக்க வந்த செயலாளருக்கு எதிரே, என் வீட்டு இலையிலேயே உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டு, பதக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து நீங்கள் சொன்னது என்ன? “மாப்ள, இது வீரத்துக்குக் குடுத்ததாத் தெரியலையே. ஏதோ விழாவுல ஆளாளுக்குக் குடுத்த ஞாபகப் பதக்கம் மாதிரியில்ல இருக்கு.” அவ்வளவுதான். இது என்ன பதக்கம் என்று தெரிந்தவர்களிடம் விசாரித்து எழுதித் தந்தால்தான் பலகை என்று செயலாளர் கையைக் கழுவிவிட்டார். பெற்ற அப்பாவுக்கு நான் சாட்சி தேட வேண்டிய நிலைமை, ஐயா.

முதலில் நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பதக்கத்தின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே தராசில் போட்டார். வெள்ளி நல்ல வெள்ளி, உருக்கினால் இரண்டு ஸ்பூன் செய்யலாம் என்றார். என் அப்பாவின் வீரத்தை வைத்துப் பாயசம் சாப்பிடச் சொல்கிறார். பிடுங்கிக்கொண்டு வந்து எதிர்வீட்டுக்காரரிடம் காட்டினால், அவர் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டு, ஒட்டகம் படுத்திருக்கிறது என்கிறார். எனக்கோ சிறு வயது முதலே அதில் அலையும், அலைமேல் பாயும் அப்பாவும் துல்லியமாகத் தெரிகிறார்கள்.

கடைசியில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் பழைய நாணயம் விற்கிறவரிடம் போனேன். பூதக்கண்ணாடியில் பார்த்தவர், யார் இதைத் தேய்த்தது என்று கேட்டார். நான்தான், வாரம் தவறாமல், பல்பொடி போட்டு, விருந்தாளி வருகிற நாளில் இரண்டு தடவை என்று பெருமையாகச் சொன்னேன். அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். “சார், பதக்கத்துல இருந்த எல்லாத்தையும் நீங்களே துலக்கி எடுத்துட்டீங்க.” அப்பாவுக்கு மரியாதை செய்ததற்குக் கிடைத்த பட்டம் இது. பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். என் அலைகள் ஒவ்வொன்றாகப் பாலத்தின் வளைவுகளாக மாறின. அடியில் ‘திறப்பு விழா நினைவாக’ என்று அரைகுறையாக எழுத்து தெரிந்தது. உடனே உங்கள் முகம்தான் என் கண்முன் வந்தது, அதுவும் சிரித்த முகம். சரி, பாலம் என்றால் பாலம். என் அப்பா குதித்ததும் பாலத்திலிருந்துதானே என்றேன். அவர் பல்பொடி எட்டாத விளிம்பில் இருந்த அழுக்கைக் குச்சியால் நோண்டினார். அங்கே ஒரு பெயர் வெட்டியிருந்தது. என் அப்பாவின் பெயர் அல்ல, உங்கள் அப்பாவின் பெயர்.

உங்கள் அப்பா அந்தப் பாலத்தைக் கட்டிய மேஸ்திரிகளில் ஒருவர் என்பது எனக்கும் தெரியும். அதற்காக? உங்கள் வீட்டில் குடை, பூட்டு, செருப்பு என்று கையில் கிடைத்ததில் எல்லாம் பெயர் வெட்டி வைப்பது பரம்பரை வியாதி. சம்பந்தம் பேச வந்த அன்று, நாங்கள் காபி கொண்டுவர உள்ளே போன நேரத்தில் உங்கள் அப்பா ஆணியை எடுத்திருக்கிறார் என்று அடித்துச் சொல்வேன். செயலாளரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெயிண்டரை நானே வரச் சொல்லிவிட்டேன். பலகையில் பெயிண்ட் காய்வதற்குள், மறைந்த உங்கள் அப்பா சார்பில் கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் எனக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் இனி என் வீட்டில் உங்களுக்கு ரசம் கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு எதைச் சொல்வதென்று பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
மனம் கொதிக்கும் உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “அது எங்கப்பா பதக்கம்தான். பாலம் தொறந்த அன்னிக்குக் கூட்டத்துல உங்கப்பா முண்டியடிச்சு இடிச்சதுலதான் எங்கப்பா ஆத்துல விழுந்தாரு. இடிச்சவரே குதிச்சுத் தூக்கிட்டாரு. யார் இடிச்சதுன்னு தெரியாம, உயிரைக் காப்பாத்தின மகராசன்னு எங்கப்பா பதக்கத்தைக் கழட்டிக் குடுத்துட்டாரு. நம்ம கல்யாணத்தன்னிக்குத்தான் உங்கப்பா அழுதுகிட்டே எங்கப்பாகிட்ட உண்மையைச் சொன்னாராம். எங்கப்பா சிரிச்சுட்டு, ‘உன் மாமனார் வீரராவே இருந்துட்டுப் போகட்டும், அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, ஊருக்கே தெரிஞ்சுடும்’னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு” என்றாள்.

பெயிண்டர் வாசலில் தூரிகையோடு நிற்கிறார். பலகையில் உங்கள் அப்பா பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். மேலே கேட்ட மன்னிப்புக் கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம், மச்சான். என் அப்பா சார்பில் அதை நான்தான் எழுத வேண்டும். எப்படி ஆரம்பிப்பதென்றுதான் தெரியவில்லை.